எத்தனையாவது தவணை?

பள்ளிக்கூடத்தில் 'தவணை முடிஞ்சுது' என்றால் எங்களுக்கு லீவு. கோட்டில் 'தவணை போட்டாச்சு' என்றால், இன்றைக்கு ஒன்றும் நடக்காது, இன்னொரு நாள் வா. கடலுக்குப் போற அண்ணாமாருக்கு அன்றைய உழைப்புப் போச்சு.

இங்கிலாந்தில் இது தலைகீழ். ஹிலரி, ஈஸ்டர், டிரினிட்டி, மைக்கேல்மஸ் என்று கிறிஸ்தவத் திருநாட்களை ஒட்டிய நாலு தவணைகள். தவணை என்றால் நீதிபதிகள் அமரும் காலம். 19ஆம் நூற்றாண்டில் நாலையும் கூட்டினால் ஏறக்குறைய மூன்று மாதம்தான் வரும். 1875இல் சட்டப்படி தவணை போய் 'அமர்வு' வந்தது. பெயர்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன.

எங்கட உயர் நீதிமன்றங்களும் ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பரில் விடுமுறைக்குப் போகின்றன. தாமதத்துக்கு இந்த வெள்ளைக்காரன் பழக்கம்தான் காரணம் என்று எங்களுக்குள்ளேயே சிலர் சொல்கிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை.

2006 ஜனவரி 2ஆம் திகதி, திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் 5 மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். 2013இல்தான் விசேட அதிரடிப்படையினர் உட்பட 13 பேர் கைதானார்கள். 2019 ஜூலையில், போதிய சாட்சியம் இல்லை என்று நீதவான் நீதிமன்றம் எல்லாரையும் விடுவித்தது. பதின்மூன்றரை வருடம். இதில் ஏப்ரல் லீவு எத்தனை நாளைத் தின்றிருக்கும்? சாட்சிகள் பயத்தில் நாட்டை விட்டே போனது எந்த நாட்காட்டியிலும் இல்லை.

விடுமுறையைக் குறைப்பதை விடுங்கள். ஒவ்வொரு தவணையும் ஏன் போடப்பட்டது, யார் கேட்டார்கள் என்று எழுதி, வந்து காத்திருந்தவரின் கையில் கொடுங்கள். முதலில் அது போதும்.