குறைஞ்சது புகையா, கணக்கா?

2024 டிசம்பர் 30. இந்தியா தன் பசுமைக்குடில் வாயுக் கணக்கை ஐ.நா. காலநிலை அமைப்பிடம் கொடுத்தது. முந்தைய வருஷத்தை விட 7.93% குறைஞ்சிருச்சுன்னு பெருமையா அறிவிச்சாங்க. எந்த வருஷத்துக் கணக்கு தெரியுமா நண்பர்களே? 2020! பஸ், ரயில் நின்னு, ஊரே லாக்டவுன்ல கிடந்த வருஷம். குறையாம என்ன செய்யும்?

ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை தர வேண்டிய அறிக்கை இது. இதுக்கு முந்தினது வந்தது 2021 பிப்ரவரியில். தயாரிக்க உலகச் சுற்றுச்சூழல் நிதியம் பணம் தருது, பல நாட்டு நிபுணர்கள் சரிபார்க்கிறாங்க. அந்த நெருக்கடி இல்லேன்னா இதுகூட வந்திருக்காது. அதனால வெளிநாட்டு ஒத்துழைப்பை வரவேற்போம். ஆனா ஐ.நா.வுக்குக் காட்டுற கணக்கை வருஷா வருஷம், மாநில வாரியா, தமிழ்லயும் நமக்குக் காட்டணும். உங்க தொகுதி எம்.பி.யை டேக் பண்ணிக் கேளுங்க.

#எங்களுக்கும்_கணக்கு_காட்டு