விலைக்கு வாங்கும் கூட்டம்!

"ஆயிரம் பேர் வேண்டுமா? பத்தாயிரம் பேர் வேண்டுமா? பணத்தைக் கட்டுங்கள், பொழுது விடிவதற்குள் வந்து நிற்பார்கள்!" என்று கூவி விற்கும் வாணிபம் ஒன்று இன்று நாடெங்கும் கொடிகட்டிப் பறக்கிறது. மாட்டுச் சந்தையிலே மாடு பிடிப்பவன்கூடப் பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, துண்டுக்குள் விரல் பிடித்துத்தான் விலை முடிக்கிறான். இந்தச் சந்தையிலோ சரக்கை யாரும் பார்ப்பதே இல்லை. சரக்கு எது? மனிதர்! இன்ஸ்டாகிராமிலும் முகநூலிலும் எக்ஸ் தளத்திலும் ஒருவரைப் பின்தொடர்வோர். நம் இளைஞர்கள் 'ஃபாலோயர்' என்கிறார்களே, அவர்கள்தாம்.

சிவகாசியிலே சிறு பட்டாசுக் கடை வைத்திருக்கும் தோழர் கேட்கிறார், விருதுநகரிலே கிளை வேலை பார்க்கும் தோழர் கேட்கிறார்: இப்படி ஆள் விற்கும் கம்பெனிகளில் எது நம்பத் தகுந்தது, எது ஏமாற்று?

பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறவனும் உண்டு, சொன்ன எண்ணிக்கையைத் தவறாமல் கொடுக்கிறவனும் உண்டு. ஓடியவனால் போவது சில நூறு ரூபாய். ஒழுங்காகக் கொடுத்தவனால் வரும் கேடுதான் பெரிது என்கிறோம் நாம். வேடிக்கையாகத் தோன்றுகிறதா? பொறுங்கள்.

எண்ணிக்கையிலே பொய் கலந்தால் என்ன ஆகும் என்று சிவகாசி வட்டாரத் தொழிலாளிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் ஓர் அறைக்குள் நான்கு பேருக்கு மேல் இருந்து வேலை செய்யக் கூடாது என்பது விதி. ஆலை வெடித்த பிறகு விசாரணை வரும்போதெல்லாம், விதிக்கு மேற்பட்ட ஆட்கள் உள்ளே இருந்தார்கள் என்ற சேதியும் திரும்பத் திரும்ப வருகிறது. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியிலே ஏறத்தாழ 40 உயிர்கள் கருகியதை மறந்துவிட்டோமா? அங்கே ஆள் இருந்தார்கள், ஏட்டில் இல்லை. இங்கே ஏட்டில் ஆள் இருக்கிறார்கள், இடத்தில் இல்லை. இரண்டும் ஒரே பொய்யின் இரண்டு முகங்கள். ஆயிரம் வாலா என்று அட்டையிலே அச்சடித்துவிட்டால், வாங்கியவன் பிரித்து எண்ணவா போகிறான்? வெடித்துத் தீர்ந்தபின் எண்ணத்தான் முடியுமா? அந்த தைரியம்தான் இந்த வாணிபத்துக்கும் முதல்.

இந்த ஆட்கள் எங்கே உற்பத்தியாகிறார்கள்? அமெரிக்காவிலே தெவுமி என்றொரு கம்பெனி இருந்தது. 2018 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் ஏடு அதன் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றியது. கம்பெனி கையிலே இருந்தவை சுமார் 35 லட்சம் தானியங்கிக் கணக்குகள். அவற்றையே ஒருவருக்கு விற்று, மறுபடி இன்னொருவருக்கு விற்று, இருபது கோடிக்கும் மேற்பட்ட 'பின்தொடர்வோரை' விற்றிருந்தது! ஒரே லாரி ஆட்களைப் பத்து மாநாட்டுக்குக் காட்டுவது போல. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அவற்றில் குறைந்தது 55,000 கணக்குகள் உயிரோடிருக்கும் உண்மையான மனிதர்களின் பெயரையும் படத்தையும் திருடிச் செய்தவை. பள்ளிப் பிள்ளைகளின் முகங்களும் அவற்றில் இருந்தன. கம்பெனி காட்டிய முகவரி நியூயார்க்; நடந்ததோ ஃபுளோரிடாவில்! 2019 அக்டோபரில் அமெரிக்க வாணிப ஆணையத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டில் 25 லட்சம் டாலருக்குத் தீர்ப்பானது. 2024இல் அந்த ஆணையம், போலிப் பின்தொடர்வோரை விற்பதையும், வணிக லாபத்துக்காக அறிந்தே வாங்குவதையும் விதி போட்டே தடுத்தது.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்பார் சிலர். 2020 ஜூலையில் மும்பைப் போலீசார், ஒரு பின்னணிப் பாடகியின் பெயரிலே போலிக் கணக்கு உலவுவதாக வந்த புகாரைத் துருவி, போலிப் பின்தொடர்வோர் விற்பனையைக் கண்டுபிடித்து ஆளைக் கைது செய்தார்களே! இன்று ஒருவர் படம், நாளை ஆலைக்குப் போகும் உங்கள் மகளின் படம். ஒழுங்காகச் சரக்குக் கொடுக்கிறவன் அந்தச் சரக்கை எங்கிருந்து கொண்டுவருகிறான் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

விற்கிறவன் பேச்சிலேயே அவன் குட்டு உடைகிறது. "முப்பது நாள் கேரண்டி, குறைந்தால் திரும்ப நிரப்பித் தருவோம்" என்பான். குறையும் என்று அவனுக்கே தெரிகிறது! நிஜ மனிதன் என்றால் கேரண்டி எதற்கு? "எல்லாரும் அசல் இந்தியர்கள்" என்பான். எப்படி அவர்களைச் சம்மதிக்க வைத்தாய் என்று கேளுங்கள், பதில் வராது. பில் கேட்டால் இல்லை, முகவரி கேட்டால் வாட்சப் எண். கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டானோ, அந்த நிமிடமே பேச்சை நிறுத்துங்கள். வீட்டுச் சாவியைத் திருடனிடம் கொடுத்துவிட்டுத் திண்ணையிலே படுப்பதற்கு ஒப்பாகும் அது. "கடவுச்சொல் வேண்டாம்" என்று சொல்லி நல்லவன் வேடம் போடுகிறவனும் உண்டு. கொள்ளையடிக்கவில்லை என்பது மட்டும் யோக்கியதைப் பத்திரம் ஆகிவிடாது.

'இலவசமாக ஃபாலோயர்' என்று வரும் செயலிகள் இன்னும் மோசம். உங்கள் கணக்குக்குள் அது நுழையும். நீங்கள் தூங்கும்போது, உங்கள் பெயரிலே, முன்பின் அறியாதவனைப் பின்தொடரும், விருப்பக்குறி போடும். ஆள் வாங்கப் போனவனே கூலியில்லாத ஆளாகிவிட்டான்! முன்பணம் வாங்கிக்கொண்டு கொத்தடிமையான குடும்பங்களைப் பார்த்த மாவட்டம் இது; இங்கே முன்பணமும் கிடையாது. 2018 நவம்பரிலேயே இன்ஸ்டாகிராம் நிறுவனம், இத்தகைய செயலிகளைப் பயன்படுத்தியவர்கள் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று அறிவித்தது.

"இதெல்லாம் சரி, நிறுவனங்களே பிடித்து நீக்கிவிடாதா?" என்று கேட்கலாம். பிடித்துவிடுவார்கள் என்று பூச்சாண்டி காட்ட நாம் தயாரில்லை. 2019இல் லாட்வியா நாட்டின் ரீகா நகரிலிருக்கும் நேட்டோ சார்ந்த ஆய்வு மையம் ஒரு சோதனை நடத்தியது. 300 யூரோ செலவிட்டு, விருப்பக்குறி, கருத்துரை, பார்வை, பின்தொடர்வோர் என்று ஐம்பதினாயிரத்துக்கும் மேல் வாங்கியது. நான்கு வாரம் கழிந்த பின்னும் ஐந்தில் நான்கு பங்கு அப்படியே இருந்தது. போலிக் கணக்குகளைச் சுட்டிக்காட்டிப் புகார் செய்தும், மூன்று வாரமாகியும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நீக்கப்படவில்லை. கோடீஸ்வரக் கம்பெனிகளின் காவல் இவ்வளவுதான்! பொய் பிடிபடாமல் நீடிக்கிறது. அதைப் பார்த்து நம்புகிறவன்தான் அகப்படுகிறான்.

யார் அந்த நம்புகிறவன்? தீபாவளிக்கு முன் வாருங்கள், காட்டுகிறோம். 'சிவகாசி நேரடி விலை' என்று பெயர் போட்டு, பக்கத்திலே லட்சம் பேர் பின்தொடர்வதாகக் கணக்குக் காட்டி, பாதி விலைக்குப் பட்டாசுப் பெட்டி என்று விளம்பரம். லட்சம் பேர் நம்பும் கடைதானே என்று கோயம்புத்தூரிலே மில் தொழிலாளி போனஸ் பணத்தை அனுப்புகிறான். பெட்டி வராது, போனை எடுக்கவும் ஆளிருக்காது. 2018 அக்டோபர் 23இல் உச்சநீதிமன்றம் இணையவழிப் பட்டாசு விற்பனைக்கே தடை விதித்தது. 2024 தீபாவளிக்கு முன் தமிழ்நாடு சைபர் குற்றப்பிரிவு, போலிப் பட்டாசுத் தளங்களைப் பற்றி எச்சரித்தது. ஆனாலும் ஏமாறுகிறார்கள். ஏன்? எண்ணைப் பார்த்து! கெட்ட பெயரோ, வெயிலிலே வெந்து சரவெடி பின்னும் சிவகாசிக்கு.

இனி நம் வீட்டுக் குப்பையையும் கிளறுவோம். எல்லாக் கட்சிகளிலும் இந்த நோய் இருக்கிறது. லாரியில் ஆள் ஏற்றிவந்த அந்தக் காலக் கூட்டத்தைக் கேலி செய்தோம். அவர்களாவது வெயிலில் உட்கார்ந்தார்கள், பொட்டலம் தின்றார்கள், பேச்சிலே ஒரு சொல்லாவது அவர்கள் காதில் விழுந்தது! விலைக்கு வாங்கிய கணக்குக்குக் காதும் கிடையாது, வாக்கும் கிடையாது. 2018 ஜூலையில் ட்விட்டர் நிறுவனம் முடக்கிவைத்த கணக்குகளை எண்ணிக்கையிலிருந்து நீக்கியபோது, பிரதமர் மோடியின் கணக்கில் மட்டும் ஏறக்குறைய மூன்று லட்சம் குறைந்தது. அவை காசு கொடுத்து வாங்கியவை என்று நாம் சொல்ல வரவில்லை. எங்கோ ஒரு கம்பெனி பட்டனைத் தட்டினால் மூன்று லட்சம் மறைகிற கணக்கை வைத்துத் தொகுதி நிலவரம் எழுதலாமா என்றே கேட்கிறோம்.

1967இல் இதே விருதுநகரிலே காமராசர் 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். நாடறிந்த தலைவர், சொந்த ஊர்! அந்த 1,285க்குப் பின்னாலும் வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொண்ட மனிதர்கள் இருந்தார்கள். அவர்களை முன்கூட்டி அறிந்தவர்கள் யார்? திண்ணை திண்ணையாக ஏறி இறங்கியவர்கள்தாம்.

"மற்றவன் வாங்குகிறான், நாம் வாங்காவிட்டால் பின்தங்குவோம்" என்று ஒரு வாதம். சரக்கைப் பார்த்தே பதில் சொல்வோம். ஒரு செய்தியைப் பார்த்தவர் பேசினால், பகிர்ந்தால்தான் அது மேலும் பலருக்குப் போகிறது. பத்தாயிரம் பொம்மைகள் பார்த்து என்ன பயன்? பகிருமா? சம்பள உயர்வு கேட்டு நீங்கள் போட்ட செய்தி அங்கேயே நமுத்துக் கிடக்கும். இதற்குச் செலவான பணம் யாருடையது? தொழிலாளி கொடுத்த சந்தா! வேட்பாளர் சமூக வலைத்தளத்துக்குச் செய்யும் செலவையும் தேர்தல் செலவுக் கணக்கிலே காட்ட வேண்டும் என்று 2013 அக்டோபரிலேயே தேர்தல் ஆணையம் கூறிவிட்டது. 'ஆளில்லாத ஆள் வாங்கிய வகையில்' என்று எந்தப் பத்தியில் எழுதுவார்களாம்?

ஆகவே கிளைத் தோழர்களுக்குச் சொல்கிறோம். முகநூலிலே ஒரு பக்கத்தை நம்புமுன், அது எப்போது தொடங்கியது, முன்பு என்ன பெயரில் இருந்தது, எந்த நாட்டிலிருந்து நடத்துகிறார்கள் என்பதைப் பக்கத்தின் விவரப் பகுதியிலேயே பார்க்கலாம். பின்தொடர்வோர் பட்டியலைத் திறந்து இருபது பெயரைத் தட்டிப் பாருங்கள். படமில்லை, பதிவில்லை, ஊரில்லை என்றால் விட்டுவிடுங்கள். பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மூடி மறைக்காமல் அந்த மணிநேரத்திலேயே 1930க்குப் பேசுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிவிடும். இந்தத் தீபாவளிச் சீட்டுப் பணம் கைக்கு வருமுன் ஆலை வாசலிலும் அச்சக வாசலிலும் இதை நான்கு பேருக்குப் படித்துக் காட்டுங்கள்.