தேய்ந்த டிராக்டர் என்ஜினுக்குக் கெட்டி ஆயில் ஊற்றலாமா?

கேள்வி: "எங்கள் அப்பா 1980-களில் வாங்கிய மாஸ்ஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர் இன்னும் ஓடுகிறது. காலையில் ஆயில் பிரஷர் நன்றாகவே காட்டுகிறது. இரண்டு மணி நேரம் சேற்றுழவு ஓட்டிவிட்டு ஆக்சிலேட்டரைக் குறைத்தால், கேஜ் முள் அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. சைலன்சரில் நீலப்புகை வருகிறது. வாரம் ஒரு லிட்டர் ஆயில் சேர்க்கிறோம். 'அரை லிட்டர் 90 நம்பர் கியர் ஆயிலைக் கலந்து ஊற்றுங்கள்' என்கிறார் கடைக்காரர். '20டபிள்யூ-50 ஊற்றுங்கள்' என்கிறார் மெக்கானிக். '15டபிள்யூ-40 போதும்' என்கிறார் மாமா. யார் சொல்வதைக் கேட்பது? சம்பா உழவு முடியும் வரை வண்டி தாங்குமா?"

- வாசகர், பெரிய காஞ்சிபுரம்

பதில்: மூவரில் மாமா சொல்வதில் தொடங்கலாம். மெக்கானிக் சொல்வதைச் சில சோதனைகளுக்குப் பிறகு முயன்று பார்க்கலாம். கடைக்காரர் சொல்வதை மட்டும் செய்யக் கூடாது.

சென்னையில் 1960-ல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மாஸ்ஸி டிராக்டர்கள் வட மாவட்டங்களில் இன்றும் ஏராளமாக ஓடுகின்றன. 40 ஆண்டு உழைத்த எந்த என்ஜினிலும் பேரிங், ரிங், லைனர் தேய்ந்திருக்கும். தேய்ந்த இடத்தில் இடைவெளி கூடும். அந்த வழியாக ஆயில் சுலபமாக வெளியேறும். சூட்டில் ஆயில் இளகுவதால் பிரஷர் இன்னும் இறங்கும். காலையில் நன்றாக இருந்து மதியம் முள் படுத்துவிடுவதன் காரணம் இதுதான்.

எண்கள் என்ன சொல்கின்றன?

15டபிள்யூ-40 என்பதில் 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள எண், குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்கிறது. பின்னால் உள்ள எண், 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. காஞ்சிபுரத்து மார்கழிக் குளிருக்கு 15, 20 இரண்டுமே போதும். ஆனால் என்ஜினைக் கிளப்பியதும் மேலே உள்ள வால்வு வரை ஆயில் சீக்கிரம் ஏற வேண்டும். அதற்கு 15 கொஞ்சம் மேல். சூட்டில் பிரஷரைத் தாங்குவது பின்னால் உள்ள 40 அல்லது 50.

கியர் ஆயிலில் போட்டிருக்கும் 90 வேறு அளவுகோலைச் சேர்ந்தது. அது 40-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 90 நம்பர் கியர் ஆயில், சூட்டில் 40 அல்லது 50 நம்பர் என்ஜின் ஆயில் அளவுக்குத்தான் கெட்டி. ஆகவே கலப்பதால் பெரிய லாபம் இல்லை. கெடுதல்தான் உண்டு. கரியைக் கழுவி எடுக்கும் மருந்து கியர் ஆயிலில் இருக்காது. பல்சக்கரங்களுக்காகச் சேர்க்கும் கந்தக மருந்து, சூடான என்ஜினில் செம்பு கலந்த பேரிங்குகளையும் புஷ்களையும் அரிக்கக்கூடும்.

ஆயிலை மாற்றும் முன் ஐந்து சோதனைகள்

1. டிப் ஸ்டிக்: ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறினால் உடனே நிறுத்த வேண்டும். டீசலோ தண்ணீரோ கலக்கிறது என்று அர்த்தம். டீசல் கலந்தால் ஆயில் நீர்த்து, டீசல் வாடை அடிக்கும். தண்ணீர் கலந்தால் பால் விட்ட காபி நிறத்துக்கு மாறும். இந்த நிலையில் கெட்டி ஆயில் ஊற்றுவது நோயை மறைப்பதற்குச் சமம்.

2. கேஜ்: பழைய கேஜ் தவறாகக் காட்டலாம். மெக்கானிக்கிடம் உள்ள தனி பிரஷர் கேஜை மாட்டி, என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, மெதுவாக ஓடும்போதும் உழவு வேகத்திலும் அளந்து எழுதி வைக்க வேண்டும்.

3. ஆயில் மூடி: என்ஜின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பார்க்கவும். புகை குபுகுபுவென்று தள்ளினால் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன.

4. புகை வரும் நேரம்: காலையில் கிளப்பியதும் நீலப்புகை வந்து சற்று நேரத்தில் அடங்கினால், வால்வு கைடில் கோளாறு இருக்கலாம். ஹெட்டை மட்டும் கழற்றிச் சரிசெய்யலாம், செலவு குறைவு. பாரம் இழுக்கும் நேரமெல்லாம் நீலப்புகை வந்தால் ரிங்தான்.

5. ஏர் கிளீனர்: அடியில் உள்ள ஆயில் கிண்ணத்தில் சேறு படிந்திருக்கிறதா, குழாய் இணைப்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கவும். வெயில் காலப் புழுதியில் ஓட்டும்போது அந்த விரிசல் வழியாக நுழையும் மண்தான் லைனரை அறுக்கிறது. அதை அடைக்காமல் எந்த ஆயில் ஊற்றினாலும் பயனில்லை.

எதை ஊற்றுவது?

முதலில் டீசல் என்ஜினுக்கு உரிய 15டபிள்யூ-40 ஆயிலும் புது ஃபில்டரும் போட வேண்டும். டப்பாவில் ஏ.பி.ஐ. குறியீட்டைப் பார்க்கவும். சி.எஃப்-4, சி.ஹெச்-4, சி.ஐ-4 என்று 'சி' எழுத்தில் தொடங்குவது டீசலுக்கானது. கடைகளில் கிடைக்கும் 20டபிள்யூ-50 ஆயிலில் பல, மோட்டார் சைக்கிளுக்கானவை. அவற்றை டிராக்டரில் ஊற்றக் கூடாது.

பழைய என்ஜினில் படிந்திருக்கும் கரியைப் புது ஆயில் கரைத்து எடுக்கும். அதனால் முதல் முறை 50 மணி நேரத்திலேயே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுவது நல்லது. அதன் பிறகு, கையேட்டில் 250 மணி நேரம் என்றிருந்தால் 150-லேயே மாற்றலாம்.

அப்படியும் சூட்டில் பிரஷர் குறைந்தால் பம்ப், பிரஷர் வால்வு, சம்பில் உள்ள சல்லடை மூன்றையும் பார்க்க வேண்டும். சல்லடை அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். எல்லாம் சரியாக இருந்தால் டீசலுக்கு உரிய 20டபிள்யூ-50 ஊற்றிப் பார்க்கலாம். ஆயில் செலவும் சற்றுக் குறையலாம்.

ஆனால் கேஜ் முள் மேலே ஏறிவிட்டதாலேயே என்ஜினுக்குப் போதிய ஆயில் கிடைக்கிறது என்று சொல்ல முடியாது. பாவுக்குக் கஞ்சி போடுகிறவர்களுக்கு இது புரியும். கஞ்சி நீர்த்திருந்தால் இழை விறைக்காது. அளவுக்கு மீறிக் கெட்டியானால் இழைக்குள் இறங்காமல் மேலேயே திரண்டு நிற்கும். அளவுக்கு மீறிக் கெட்டியான ஆயிலும் பேரிங்கின் சிறு இடுக்குகளுக்குள் சீக்கிரம் போகாது. ஃபில்டர் வழியாகச் செல்ல முடியாதபோது, வடிகட்டப்படாமலேயே சுற்றி வரும். எனவே 50-க்கு மேல் போக வேண்டாம். காலையில் கிளப்பியதும் சில நிமிடங்கள் பாரம் இல்லாமல் ஓடவிட்ட பிறகே வயலில் இறக்க வேண்டும்.

சம்பா வரை தாங்குமா?

புது ஆயிலில், சூடான பிறகு உழவு வேகத்தில் பிரஷர் நிலையாக நின்று, அடியில் தட்டும் சத்தம் இல்லாமல், ஆயில் செலவும் கூடாமல் இருந்தால், தினமும் டிப் ஸ்டிக் பார்த்துக்கொண்டு இந்தப் பட்டத்தை முடிக்கலாம். சேர்க்கும் ஆயிலைத் தேதியோடும் ஓடிய மணி நேரத்தோடும் ஒரு நோட்டில் எழுதிவைத்தால், தேய்மானம் கூடுகிறதா என்பது தானாகத் தெரியும்.

உழவு வேகத்திலும் முள் இறங்கினாலோ, 'டொக் டொக்' என்று சத்தம் கேட்டாலோ, அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். அந்தக் கட்டத்தில் நிறுத்தினால், கிராங்கை கிரைண்டிங் செய்து புது பேரிங் போட்டு மீட்டுவிட முடியும். 'இன்னும் அரை ஏக்கர்தானே' என்று ஓட்டினால் பேரிங் உருகி, கிராங்கையே மாற்ற நேரிடும். மிச்ச வயலுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரைக் கேட்கலாம். வாடகைப் பணம் போனாலும், அப்பா வாங்கிய வண்டி அடுத்த பட்டத்துக்கு மிஞ்சும்.

கெட்டி ஆயில் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும். தேய்ந்த இரும்பை வளர்க்காது. அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் என்ஜின் வேலையை முடித்துவிடுவதே சரி.