லேத்துக்கு ஒரு ஸ்டாப் செய்வோம்!

ஸ்டெப் டர்னிங் பண்ணாத மெக்கானிக்கல் மாணவன் நம்மில் உண்டா? மார்க் போட்டதும் அந்த ஜாப் ஸ்கிராப் பெட்டிக்குப் போய்விடுகிறது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். “ஒர்க்ஷாப்பில என்னடா செஞ்சே?” என்று அப்பா கேட்டால் எதைக் காட்டுவது?

அதற்குப் பதில் நம் லேத்துகளுக்கு நாமே கேரேஜ் ஸ்டாப் செய்யலாமே! ஒரு எம்.எஸ். கட்டை. அதன் அடியில், பெட்டின் ‘வி’ மேட்டில் உட்காரும்படி பள்ளம். (ஷேப்பரில் எடுத்து, ஃபைல் போட்டு, புளூ தடவிப் பொருத்துவதற்குள் ஃபிட்டிங் பாடம் முழுக்க வந்துவிடும்!) பெட்டுக்குக் கீழே பட்டை வைத்து போல்ட்டால் இறுக்கணும். முட்டுவதற்கு எம்6 ஸ்க்ரூ, லாக் நட். எம்6 பிட்ச் 1 மி.மீ.; கால் சுற்றுக்குக் கால் மில்லி. சக்கில் ஒரே அளவு வெளியே விட்டுப் பிடித்தால் பத்து பீஸும் ஒரே நீளம்.

ஆட்டோ ஃபீடில் மட்டும் முட்ட விடக்கூடாது, கியர் போய்விடும். கொஞ்சம் முன்னாலேயே ஃபீடை எடுத்துவிட்டுக் கையால் தள்ளணும்.

நாளை பீஸ் கணக்கில் கூலி தரும் பட்டறைக்குத்தான் நம்மில் பலரும் போகப்போகிறோம். இந்த ஜாபை அடுத்த ஆண்டு சேர்க்கும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கட்டைக்குப் பணம் வேண்டாம் சார், ஸ்கிராப் பெட்டியிலேயே கிடக்கிறது.