போர்மேன் கைது



சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசு ஆலையொன்று வெடித்துச் சிதறினால், மறுநாள் நாளிதழின் மூலையில் ஒரு சிறு செய்தியைப் பெரும்பாலும் காணலாம்: ‘போர்மேன் கைது’. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும்; அறைகளை உள்குத்தகைக்கு எடுத்து வேலை நடத்துபவர் வேறொருவராக இருப்பார். முதலில் அகப்படுபவரோ, சம்பளத்திற்கு மேற்பார்வை பார்ப்பவர். அவரிடம் தவறில்லை என்று நாம் வாதாடவில்லை. ஆயினும் அவர் வீட்டு வாசலில் காவல் வாகனம் வந்து நிற்கும் அந்த வேளையில், அவருடைய மனைவிக்கு என்ன தெரிந்திருக்கிறது என்பதே நம் கவலை.

கைது செய்யும் அதிகாரம் இருக்கிறது என்பதனால் மட்டும் ஒருவரைக் கைது செய்துவிடலாகாது, அதற்குத் தக்க காரணமும் வேண்டும் என்று ஜோகிந்தர் குமார் வழக்கில் 1994-லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 1996-இல் டி.கே. பாசு வழக்கில் 11 நெறிமுறைகளை வகுத்தது. கைது செய்யும் காவலர் பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும். நேரமும் தேதியும் குறித்த கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையொப்பமிட வேண்டும். உறவினருக்குத் தகவல் தர வேண்டும். இவற்றின் சாரம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இடம்பெற்றுள்ளது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்த பின், விதிவிலக்கான நிலையில் நடுவரின் முன் அனுமதி பெற்றாலன்றிப் பெண்களைக் கைது செய்யக் கூடாது. நம் இல்லங்களில் எத்தனை பேர் இதை அறிவர்?

வீட்டில் திருட்டுத்தனமாகப் பட்டாசு சுற்றுவோரின் நிலையைப் பாருங்கள். 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்படி உரிமமின்றித் தயாரிப்பதற்கு உச்ச தண்டனை 3 ஆண்டுச் சிறை. அந்தப் பிரிவு மட்டுமே சாட்டப்பட்டிருந்தால், நேரில் வருமாறு அறிவிப்புக் கொடுத்தே விசாரிக்கலாம். கைதுதான் வேண்டுமெனில் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். உயிரிழப்பு நேர்ந்த வழக்குகளில் கடுமையான பிரிவுகள் சேரும். அங்கே கைது தவிர்க்க இயலாததாகலாம். அப்போதும், தப்பியோடாமல் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்பதே சட்டம். அடிப்பதற்கு எந்தச் சட்டமும் இடம் தரவில்லை.

ஆனால் நடப்பது என்ன? இவ்வட்டாரத்திற்கு அண்டையிலுள்ள தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தை எவர் மறப்பார்? ஊரடங்கு நேரத்தைக் கடந்து கடை திறந்திருந்ததாகக் கூறி 2020 ஜூன் 19 அன்று பிடிக்கப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் கோவில்பட்டிக் கிளைச் சிறையிலிருந்து உயிரோடு வீடு திரும்பவில்லை. காவல் நிலையத்தில் கேமரா இருந்தது, பதிவுதான் இல்லை. நாள்தோறும் தானே அழிந்துவிடுமாறு அது அமைக்கப்பட்டிருந்ததென விசாரணைக்குச் சென்ற நடுவர் கண்டார். உண்மையைச் சொல்லத் துணிந்தவர் அதே நிலையத்துப் பெண் காவலர் ஒருவர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். காக்கிச் சட்டை அனைத்தையும் ஒரே தட்டில் வைப்பது நேர்மையன்று. அவ்வாண்டு டிசம்பரில்தான், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்தி 18 மாதப் பதிவைக் காக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

இத்தகைய அச்சம் பட்டாசு பூமியில் உயிர்களை விலையாகக் கேட்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். காப்பாற்ற ஓடியவர்களும் வேடிக்கை பார்க்க நின்றவர்களும் அவர்களுள் அடக்கம். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர். எந்த அறையில் அளவுக்கு மீறி மருந்து குவிந்திருக்கிறது, எந்த வீட்டில் இரவில் திரி சுற்றுகிறார்கள் என்பது பக்கத்து வீட்டாருக்குத் தெரியாததன்று. தகவல் சொல்லப் போனவனையே ‘விசாரணை’க்கென்று உட்கார வைத்துவிடுவார்களோ என்ற திகில்தான் வாயை அடைத்துவிடுகிறது. சோதனைக்கு வரும் நேர்மையான ஆய்வாளருக்கும் இந்த மௌனமே கிடைக்கிறது.

பெண்களுக்கும், காவலில் இருப்பவர் எவராயினும் அவருக்கும், வருமானம் பாராமல் அரசுச் செலவில் வழக்கறிஞர் கிடைப்பார். 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி செய்திருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தாருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள் 15100 என்ற எண்ணில் கேட்கலாம். சமையலறை நாட்காட்டியின் ஓரத்தில் இன்றே எழுதி வையுங்கள்.