அடுக்குமாடிக்கு அடியில் யார் நிலம்?

செங்கல்பட்டுப் பக்கம் அடுக்குமாடி வீடு வாங்க, வேலைக்குப் போன நம் பிள்ளைகள் வங்கிக் கடன் கேட்டு நிற்கிறார்கள். மகிழ்ச்சிதான். சதுர அடி விலையையும் மாதத் தவணையையும் கணக்குப் போடுகிற நாம், அடிமனை யாருடையது என்று கேட்கிறோமா?

1892 அரசாணைப்படி நம் முன்னோருக்கு ஒப்படைத்த பஞ்சமி நிலங்கள் அங்கே ஏராளம். முதல் 10 ஆண்டு விற்கக் கூடாது. பிறகும் பட்டியல் சாதியினருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. வங்கி வழக்கறிஞர் பெரும்பாலும் பார்ப்பது 30 ஆண்டு வில்லங்கச் சான்று. அதில் இது வராது. பழைய ‘அ’ பதிவேட்டைப் புரட்ட வேண்டும்.

அடுக்குமாடியில் நிலைப்பது நம் பெயரிலுள்ள பிரிபடாத மனைப் பங்குதான். அந்த விற்பனையே செல்லாதென்றால் வீடு சிக்கும், தவணை நிற்காது. அதுவும் பாட்டனிடம் பறித்த நிலத்துக்கு!

முன்பணம் கொடுக்குமுன், சர்வே எண்ணைக் குறிப்பிட்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமை மனு போடுவோம். கட்டணம் 10 ரூபாய்.