செடிக்குத் தூக்க மாத்திரையா?

ராத்திரி லைட்டை அணைச்சதும், மூளைக்குள் இருக்கும் குட்டியூண்டு பீனியல் சுரப்பி டியூட்டியில் இறங்கும். 'பொழுது சாய்ஞ்சாச்சு, தூங்குப்பா' என்று உடம்புக்குச் சேதி சொல்கிற மெலடோனினை ரத்தத்தில் கலக்கும். 1958-ல் யேல் பல்கலைக்கழக டாக்டர் ஆரோன் லெர்னர் மாடுகளின் பீனியல் சுரப்பியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்.

1995-ல் ஒரு ட்விஸ்ட்! தக்காளி, வாழை மாதிரி செடிகளிலும் அதே மெலடோனின் இருப்பது தெரிந்தது. செடி எங்கேங்க தூங்கப் போகுது? அங்கே அதுக்கு வேற வேலை. தண்ணியில்லாமல் வெயிலில் வாடும் இலைக்குள் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி செல்களை அரிக்கும். அதை அணைக்கிற ஃபயர் சர்வீஸ்தான் மெலடோனின். வறட்சி வந்தால் செடியே கூடுதலாகத் தயாரித்துக்கொள்ளும். வெளியிலிருந்து தெளித்த சோதனைகளிலும் தக்காளி, வெள்ளரி, மக்காச்சோளம் எல்லாம் வறட்சியை நல்லாவே தாக்குப்பிடிச்சிருக்கு.

இப்போ ஒலக்கூர் பக்கம் வாங்க. மானாவாரி மல்லாட்டை பூவெடுத்து, விழுது மண்ணில் இறங்குற நேரத்தில் மழை ஏமாத்தினா, மண் இறுகிடும். விழுது இறங்காது. காய் ஏது, காசு ஏது?

"அப்போ மெடிக்கல் ஷாப் மாத்திரையைக் கரைச்சு அடிக்கலாமா?"

அவசரப்படாதீங்க பாஸ்! கணக்குப் போடுவோம். பல சோதனைகளில் பயன்படுத்துவது 100 மைக்ரோமோலார் கரைசல். அதாவது லிட்டருக்கு சுமார் 23 மில்லிகிராம். ஏக்கருக்கு 200 லிட்டர்னா 4.6 கிராம். 3 மில்லிகிராம் மாத்திரையில் 1,500-க்கும் மேல! செலவு தாங்காது. அளவு கூடினால் வளர்ச்சியும் குன்றிடும்.

இன்னிக்கே கையில் இருப்பது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் 'நிலக்கடலை ரிச்'. ஏக்கருக்கு 2 கிலோவை 200 லிட்டர் தண்ணியில் கலந்து, பூக்கும்போது ஒரு தடவை, காய் பிடிக்கும்போது ஒரு தடவை தெளிக்கணும்.

டி.எம்.வி. 2 கடலை ரகம் 1940-ல் வந்தது. டி.எம்.வி. 7 வந்தது 1967-ல். அந்த டி.எம்.வி. வேற எதுவுமில்லை, நம்ம திண்டிவனம்தான்! எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கு.

அக்ரி, பாட்டனி படிக்கிற தம்பி, தங்கச்சிகளே... ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடுறீங்களா? நம்ம மண்ணில், நம்ம மல்லாட்டையில், மெலடோனின் போட்ட காசை எடுத்துத் தருமான்னு பாருங்க. லேப் தொட்டியில் இலை பச்சையா இருந்தா மார்க் கிடைக்கும். ஆனா அப்பா எண்ணுறது மூட்டையைத்தானே!